கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே

பிப்ரவரி 5, 2025, புதன். கரூர்.

சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டாயிற்று. போகும்போது போயிங் 737-800, வரும்போது ஏர்பஸ் ஏ320. இரு வழிக்கும் ஒரே நிறுவனத்தில் போட்டிருந்தால் கொஞ்சம் மலிவாக முடிந்திருக்கும் என்று அங்கே இருக்கும் மகள் ஃபோனில் சொன்னாள். நான்தான் மாற்றிப் போடச் சொன்னேன். இரண்டுமே ஒற்றை நடைவழி விமானங்கள். இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3 என்று வரிசைக்கு 6 பேர். திருச்சியிலிருந்து ஏறக்குறைய 4 மணி நேரம். இரண்டையும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

என் உழைப்புக் காலம் முழுவதும் இந்த ஊர் பஸ் பாடி பட்டறையில், சீட் பிரிவில் போனது. ஒருவர் உட்காருவதற்கு முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு அளவுகள். ஒன்று அகலம். மற்றது முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் உள்ள இடைவெளி. பஸ்ஸில் இந்த இரண்டும் குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஏஐஎஸ்-052 என்ற பஸ் பாடி விதித்தொகுப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். டேப்பைப் பிடித்து அதைச் சரிபார்த்துச் சரிபார்த்தே என் கண்ணுக்கு அளவு பழகிவிட்டது. எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் சீட்டைத்தான் பார்ப்பேன்.

வீட்டில் என் மனைவிக்குப் போன ஆண்டு வலது முழங்கால் மூட்டு மாற்றினார்கள். "ஏனுங்க, அதுல காலை நீட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டாள். நீட்ட முடியாது, மடக்கி வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து சொல்கிறேன் என்றேன். தையல் மெஷின் டிராயரிலிருந்து துணி டேப்பை எடுத்து அவளே என் கைப்பையில் வைத்தாள்.

பிப்ரவரி 7, வெள்ளி. திருச்சி விமான நிலையம், இரவு.

புதிய முனையம் செயல்படத் தொடங்கி இன்னும் ஓராண்டு ஆகவில்லை. உயர்ந்த கூரை, அகலமான நடை, உட்காரத் தேவையான அளவுக்கு நாற்காலிகள். இவள் கைத்தடி இல்லாமலே நடந்தாள். எங்களோடு நிற்பவர்களில் பாதிக்கு மேல் வேலைக்குத் திரும்புகிற இளைஞர்கள். கட்டடம், கப்பல் பட்டறை, துப்புரவு. இந்தத் தடத்தில் சுற்றுலாக்காரர்களைவிட இவர்கள்தான் அதிகம். சீட்டின் சுகமும் கஷ்டமும் முதலில் இவர்கள் உடம்பில்தான் விழுகிறது.

பிப்ரவரி 8, சனி. சிங்கப்பூர், பொங்கோல்.

காலையில் வந்து சேர்ந்தோம். தூங்கி எழுந்து, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே 17 அங்குலம். ஒரு சீட்டின் முதுகில் ஒரு புள்ளியை வைத்து, முன் சீட்டில் அதே புள்ளி வரை அளந்தால் 30 அங்குலம். இதைத்தான் அவர்கள் 'பிட்ச்' என்கிறார்கள். பிட்ச் 30 என்றால் முழங்காலுக்கு 30 கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முன் சீட்டின் முதுகுத் தடிமன் அதிலேயே கழிகிறது. இந்த விமானத்தின் சீட் பழைய மாதிரி. முதுகில் தடித்த ஃபோம், முழங்கால் படும் உயரத்தில் பத்திரிகைப் பை. இவள் முழங்காலுக்கும் அந்தப் பைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. அவ்வளவுதான். ஆனால் மெத்தை நன்றாக இருந்தது. கடைசி வரைக்கும் இடுப்பு வலிக்கவில்லை.

வலித்தது தோள். நடைவழி ஓரத்தில் இவள், நடுவில் நான், ஜன்னல் ஓரத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். கம்பி கட்டும் வேலை. அதற்கேற்ற அகன்ற தோள். விமானம் கிளம்பியதும் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டவர், இறங்கும் வரை அப்படியே இருந்தார். என் மேல் இடித்துவிடக் கூடாது என்பதற்காக. "கையை நல்லா வச்சுக்கங்க தம்பி" என்றேன். "பழகிருச்சுங்க ஐயா" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. நாலு மணி நேரம் ஒருவர் தன் உடம்பைச் சுருட்டி வைத்துக்கொள்வது பழக வேண்டிய காரியமே அல்ல.

இந்த 17 அங்குலம் எங்கிருந்து வந்தது? விமான நிறுவனம் நினைத்தாலும் இதைக் கூட்ட முடியாது. 737இன் உள் அகலம் 3.53 மீட்டர், அதாவது 139 அங்குலம். ஆறு பேருக்கு 17 வீதம் 102. பக்கத்துக்கு 4 கைப்பிடிகள் வீதம் எட்டுக்கும் 2 அங்குலம் போட்டால் 16. நடைவழிக்கு 20. கூட்டினால் 138. மிச்சம் 1 அங்குலம். இதற்குள் எந்தக் கெட்டிக்காரத் தச்சனும் ஒன்றும் செய்ய முடியாது.

விமான உடலான அந்தக் குழாயின் அகலத்தை முடிவு செய்தது 1950களில். போயிங் தன் முதல் ஜெட் முன்மாதிரியை 132 அங்குல வெளி அகலத்தில் செய்தது. பிறகு ராணுவத்துக்கான எரிபொருள் விமானத்துக்கு அதை 144 ஆக்கியது. அதே நேரத்தில் போட்டி நிறுவனமான டக்ளஸ் தன் டிசி-8ஐ 147 அங்குலத்தில் வரைந்ததும், போயிங் தன் 707ஐ அதைவிட ஒரே ஓர் அங்குலம் கூட்டி 148க்குக் கொண்டுபோனது. பிறகு 727, 1967இல் பறந்த 737, 1982இல் பறந்த 757 எல்லாவற்றுக்கும் அதே அகலம். இன்றைக்குப் புதிதாக இறங்கும் 737 மேக்ஸ் விமானத்திலும் அதுதான். 737 பிறந்தபோது அது நல்ல அகலம் என்றே பெயர் வாங்கியது. எதிரே இருந்த டிசி-9இல் வரிசைக்கு 5 பேர்தான் உட்கார முடியும். இங்கே 6 பேர். நிறுவனங்களுக்கு அந்த ஆறாவது ஆள் வருமானம். ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும் பயணத்துக்கு அது போதும். இன்று அதே குழாயில் கடல் தாண்டி நாலு, ஐந்து, ஆறு மணி நேரம் பறக்கிறோம். குழாய் மாறவில்லை, பயணம் நீண்டுவிட்டது.

இன்னொன்றும் பார்த்தேன். இடது பக்கம் இறக்கைக்குச் சற்று முன்னால் ஒரு ஜன்னல் சீட்டுக்கு ஜன்னலே இல்லை. ஏசி காற்றுக் குழாய் அந்த இடத்தில் சுவருக்குள் ஏறுகிறது. 737இல் அது அப்படித்தான். ஜன்னல் ஓரம் என்று தனியாகப் பணம் கட்டியவர் வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தார். விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு. பொங்கோல்.

மாப்பிள்ளைக்கு விமானங்கள் மேல் ஆர்வம். மேசையில் உட்கார்ந்து, இப்போது எல்லா இடத்திலும் வந்துகொண்டிருக்கும் மெல்லிய சீட்டுகளின் படங்களைக் காட்டினார். தொழில்முறையில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இதுதான்.

மெல்லிய சீட்டின் யுக்தி எளிது. முதுகில் இருந்த தடித்த ஃபோமை எடுத்துவிட்டு, வளைந்த ஓடு ஒன்றோ இழுத்துக் கட்டிய வலையோ வைக்கிறார்கள். பத்திரிகைப் பையை முழங்கால் மட்டத்திலிருந்து எடுத்து மடிப்புத் தட்டுக்கு மேலே ஏற்றுகிறார்கள். முழங்கால் படும் இடத்தில் அந்த ஓடு உள்பக்கம் குழிந்திருக்கும். இதனால் பிட்ச் 29 உள்ள புதிய சீட்டில், 30 உள்ள பழைய சீட்டின் அளவுக்கு, சமயத்தில் அதைவிடக் கூடுதலாகவும், முழங்காலுக்கு இடம் கிடைக்கும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, நல்ல வேலைப்பாடு. பட்டறையில் எங்களிடம் இந்த யோசனை இருந்திருந்தால் நாங்களும் செய்திருப்போம்.

குறை கீழே இருக்கிறது. உட்காரும் மெத்தையையும் சேர்த்து மெலித்துவிடுகிறார்கள். காரணங்கள் புரிகின்றன. சீட்டுக்கு ஒரு கிலோ குறைத்தால் 180 சீட்டுக்கு 180 கிலோ. அது ஒவ்வொரு பறப்பிலும் எரிபொருளாக மிச்சமாகும். தீப்பிடித்தால் மெத்தை சட்டென்று எரியக் கூடாது என்று அமெரிக்காவில் 1984இல் விதி வந்தது. அதனால் ஃபோம் மேல் தீ தடுக்கும் துணி போர்த்த வேண்டும். 1988இல் வந்த விதிப்படி, புதிதாக வடிவமைக்கும் விமானத்தின் சீட், புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையில் முன்னால் தள்ளினாலும் தளத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளக் கூடாது. இவையெல்லாம் உயிர் காக்கும் விதிகள், ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றுக்குள் நின்றுகொண்டே நல்ல மெத்தை கொடுக்கலாம். கைவைத்தால் அமுங்குவது நல்ல ஃபோம் என்று வாங்குபவர்கள் நினைப்பார்கள். பட்டறையில் அதை ஒத்துக்கொள்ள மாட்டோம். மெத்தென்ற ஃபோம் அரைமணி நேரம் சுகம். பிறகு அடி தட்டிவிடும், உட்காரும் எலும்பு பலகையில் போய் நிற்கும். 40 டென்சிட்டியில் சரியான கனம் கொடுத்துப் போட்ட சீட், பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் கரூரிலிருந்து சென்னை வரை இடுப்பைத் தாங்கும். விமானத்திலும் இதே நியாயம்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய். பொங்கோல்.

தைப்பூசம். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் காவடிகளைப் பார்த்தோம். கூட்டத்தில் மெல்ல நடந்தும் நின்றும் இவள் காலை முழுவதும் கழித்தாள். கால் வலிக்கிறதா என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். "பிளேன்ல இருந்து இறங்கினப்பத்தான் வலிச்சுது. இப்ப ஒண்ணுமில்லை" என்றாள். நடந்தால் வராத வலி, அசையாமல் மடக்கி வைத்தால் வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதைத் தொடுகிறது. 4 மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறதாம். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு மொத்த அபாயம் சிறியது, 6000 பேரில் ஒருவர் என்ற அளவுதான். விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எழுந்து நடந்தால் குறையும். ஆனால் நடுவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க, ஓரத்தில் இருப்பவர் முதலில் எழுந்து வழிவிட வேண்டும். நெருக்கிப் போட்ட வரிசையில் இருவரும் குனிந்து, நெளிந்து, மன்னிப்புக் கேட்டு வெளியே வர வேண்டும். வயதானவர்கள் அந்தச் சிரமத்துக்கு அஞ்சியே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன். பொங்கோல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாப்பிள்ளையோடு உட்கார்ந்து தேடிப் படித்தேன். அமெரிக்க விதிகளைத்தான் விரிவாகப் படிக்க முடிந்தது.

நடைவழிக்கு அளவு இருக்கிறது. தளத்திலிருந்து 25 அங்குல உயரம் வரை குறைந்தது 15 அங்குல அகலம், அதற்கு மேலே 20. ஒற்றை நடைவழி விமானத்தில் ஒரு பக்கத்துக்கு 3 சீட்டுக்கு மேல் போடக் கூடாது என்று இருக்கிறது. பாதிக் கதவுகள் மட்டும் திறந்த நிலையில் அத்தனை பேரும் 90 விநாடிக்குள் வெளியேற வேண்டும் என்று இருக்கிறது. உட்காரும் மனிதனுக்கு இத்தனை அங்குலம் என்பது மட்டும் இல்லை. பிரிட்டன் 1989இல் ஓர் அளவு வைத்தது. முதுகு மெத்தையிலிருந்து முன் சீட் வரை 26 அங்குலம். பிட்ச் கணக்கில் சொன்னால் முதுகு மெலிந்த சீட்டில் 28 கூட அதில் தேறிவிடும்.

அமெரிக்காவில் ஃப்ளையர்ஸ் ரைட்ஸ் என்ற பயணிகள் அமைப்பு, உட்காரும் இடத்துக்குக் குறைந்தபட்ச அளவு வைக்கக் கோரி நீதிமன்றம் போனது. முன்பு சராசரி 35 அங்குலமாக இருந்த பிட்ச் 31க்கு வந்துவிட்டது, சில விமானங்களில் 28, அகலமும் 18.5 அளவிலிருந்து 17க்கு வந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். 2017 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தக் கோரிக்கையைத் தள்ளியதற்கு விமானப் போக்குவரத்து நிர்வாகம் காட்டிய ஆதாரம் போதாது, மறுபடி ஆராய வேண்டும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பேட்ரிஷியா மில்லெட். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம், ஓராண்டுக்குள் குறைந்தபட்ச அளவுகளை நிர்ணயிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 2022இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 26,000க்கு மேல் கருத்துகள் குவிந்தன. அளவு இன்று வரை வரவில்லை.

நடுவில் ஓக்லஹோமா நகரத்தில் 720 பேரை வைத்து வெளியேறும் சோதனை நடத்தினார்கள். இப்போதுள்ள இடைவெளிகள் வெளியேறுவதைத் தாமதப்படுத்தவில்லை என்று முடிவு சொன்னார்கள். ஆனால் அந்த 720 பேரும் 18 முதல் 60 வயதுக்குள், நல்ல உடல் வலிமை உள்ளவர்கள். குழந்தை இல்லை, முதியவர் இல்லை, ஊன்றுகோல் பிடித்தவர் இல்லை. என் மனைவிக்கு 60 தாண்டிவிட்டது, முழங்காலில் உலோகம் இருக்கிறது. அவளைப் போன்றவர்கள் எல்லா விமானத்திலும் ஏறுகிறார்கள். அவர்களை விட்டுவிட்டுச் செய்த சோதனையை வைத்து, இந்த இடம் போதும் என்று சொல்வது நியாயமே இல்லை.

பிப்ரவரி 15, சனி. கிராபி, தாய்லாந்து.

மாப்பிள்ளை எங்களைக் கடல் பார்க்க அழைத்து வந்திருக்கிறார். நேற்று வந்த விமானம் எம்ப்ரேர் இ190-இ2. பிரேசில் நாட்டுத் தயாரிப்பு. ஏறும்போதே தெரிந்தது, 737ஐவிடக் குறுகலான குழாய். உள் அகலம் 2.74 மீட்டர். ஆனால் உள்ளே இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2. நடு சீட்டே கிடையாது. டேப்பை வைத்தேன், 18 அங்குலமும் கொஞ்சமும். நானும் இவளும் ஒரு பக்கம். எனக்கு ஜன்னல், அவளுக்கு நடைவழி. அவள் இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டு வந்தாள். யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

இந்தக் குழாயின் குறுக்குவெட்டு ஒரே வட்டம் அல்ல. மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், இரண்டும் நடுவில் சேர்கிற மாதிரி. அதனால் தோள் பக்கம் சுவர் உள்ளே வளைந்து இடிக்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்தபோது இதை நன்றாக உணர்ந்தேன்.

இரவு ஓட்டல் அறையில் ஒரு கணக்குப் போட்டேன். உள் அகலத்தை வரிசையில் உள்ள ஆட்களால் வகுத்தால், நடைவழிப் பங்கையும் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு? 737இல் ஏறத்தாழ 59 சென்டிமீட்டர். ஏ320இல் (3.70 மீட்டர், 6 பேர்) 62. சீனாவின் சி919இல் (3.90 மீட்டர், 6 பேர்) 65. ஏ220இல் (3.28 மீட்டர், 5 பேர்) 66. நம் சேலம், தூத்துக்குடிக்கு வந்துபோகும் ஏடிஆர்-72இல் (2.57 மீட்டர், 4 பேர்) 64. இந்த எம்ப்ரேரில் 68.5. குழாய் பெரிதாகிவிட்டால் சுகம் கூடிவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். வரிசையில் எத்தனை பேர் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இவற்றில் ஏ220இன் வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். கனடாவின் பொம்பார்டியர் நிறுவனம் சி-சீரீஸ் என்ற பெயரில் உருவாக்கி, 2016இல் பயணிகளோடு பறக்கத் தொடங்கியது. பிறகு ஏர்பஸ் கைக்கு வந்தது. ஒரு பக்கம் 2, மறு பக்கம் 3. நடு சீட் வரிசைக்கு ஒன்றுதான். அந்த நடு சீட்டையும் 19 அங்குலமாக, மற்றவற்றைவிட அரை அங்குலம் அகலமாக வைத்தார்கள். இரண்டு பக்கமும் இடிபடுகிறவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று வரைபலகையிலேயே நினைத்திருக்கிறார்கள். சீட் செய்கிறவன் என்ற முறையில் அந்த அரை அங்குலத்துக்கு ஒரு வணக்கம். நம் நாட்டில் இந்த விமானம் எந்த நிறுவனத்திடமும் இல்லை. எம்ப்ரேர் இருக்கிறது, இ175 மாதிரியைப் பெங்களூருவை மையமாகக் கொண்டு ஸ்டார் ஏர் ஓட்டுகிறது.

பிப்ரவரி 21, வெள்ளி. கரூர்.

நேற்று இரவு வந்து சேர்ந்தோம். ஏ320.

அகலம் 18 அங்குலம், ஓர் இழை குறைவு. அந்த ஓர் அங்குலம் தோளில் தெரிந்தது. என்னால் கையை மடியில் வைக்க முடிந்தது, பக்கத்தில் இருந்தவர் தடங்கலில்லாமல் சாப்பிட்டார். ஏர்பஸ் இந்த விமானத்தை வரைந்தபோது 737இன் அகலம் அவர்கள் கண் முன்னே இருந்தது. வேண்டுமென்றே 17 சென்டிமீட்டர் கூட்டினார்கள். பயணிகளுக்காக மட்டும் அல்ல, அடிவயிற்றில் சரக்குப் பெட்டகங்கள் ஏற்றவும் அது உதவியது. 1987 பிப்ரவரி 22 அன்று முதல் ஏ320 பறந்தது. 1989இலேயே இந்தியன் ஏர்லைன்ஸ் மூலம் நம் நாட்டுக்கு வந்துவிட்டது. இதிலும் 17 அங்குல சீட் போட்டு நடைவழியை அகலமாக்கிக்கொள்ளும் வசதியை ஏர்பஸ் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. ஆகவே ஏ320 என்றாலே 18 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

பிட்ச் 29. போகும்போது இருந்ததைவிட ஓர் அங்குலம் குறைவு. ஆனால் மெல்லிய சீட், குழித்த ஓடு. இவள் முழங்காலுக்கு முன்னால் மூன்று விரல் நுழைந்தது. காகிதத்தில் குறைவாகத் தெரிந்தது உடம்புக்குக் கூடுதலாக இருந்தது. முதுகு சாயாது, ஏற்கெனவே கொஞ்சம் சாய்த்தே பொருத்தியிருக்கிறார்கள். அதில் எனக்குச் சம்மதம்தான். முன்னால் இருப்பவர் நம் மடியில் வந்து சாயும் தொல்லை இல்லை.

மெத்தைதான் மோசம். இரண்டு மணி நேரம் ஆனதும் இருவரும் இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். மூன்றாவது மணியில் இவள் தன் சால்வையை மடித்துக் கீழே போட்டுக்கொண்டாள். கையால் அழுத்திப் பார்த்தேன், உடனே அடி தட்டியது.

பின்னால் கழிப்பறைக்குப் போனேன். இரண்டு கழிப்பறைகளையும் கடைசிச் சுவரை ஒட்டித் தள்ளி, மிச்சமான இடத்தில் கூடுதல் சீட் போடும் முறை இப்போது பரவியிருக்கிறது. தொடக்கத்தில் இரண்டு வகுப்பாகப் பிரித்து 150 பேர் உட்கார்ந்த அதே நீளத்தில் இன்று 180, 186 பேர். கழிப்பறைக்குள் நானே பக்கவாட்டில்தான் திரும்ப முடிந்தது. மூட்டு மாற்றியவர் அங்கே உட்கார்ந்து எழுவது பெரும்பாடு. கைப்பிடித்து எழ நல்ல உறுதியான ஒரு கம்பியாவது வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு. கரூர்.

பட்டறை நண்பர்கள் வந்திருந்தார்கள். எது நல்ல விமானம் என்று கேட்டார்கள். நான் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அகலம் முதலில். அதற்கு மாற்று மருந்து கிடையாது. குழாய் உருவானபோதே முடிவாகிவிட்டது. ஆகவே கட்டணம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் 737ஐவிட ஏ320 மேல். வரிசைக்கு 4 அல்லது 5 பேர் உட்காரும் விமானம் கிடைத்தால் அது எல்லாவற்றிலும் மேல். இரண்டாவது மெத்தை. நிறுவனங்கள் மனம் வைத்தால் மிகக் குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியது அதுதான். செய்யாமல் இருப்பதற்கு நான் எந்தக் காரணத்தையும் ஏற்க மாட்டேன். மூன்றாவதுதான் பிட்ச். நல்ல சீட் என்றால் 29 தாங்கும். 28க்கு இறங்கினால் எவ்வளவு நல்ல வேலைப்பாடும் உயரமானவர்களுக்கும் முதியவர்களுக்கும் உதவாது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டு சொற்கள். அவசர வழிக் கதவு வரிசையில் இடம் தாராளம், ஆனால் அங்கே கதவைத் திறக்க உதவக்கூடிய திடமானவர்களைத்தான் உட்கார வைப்பார்கள். கேட்டுப் பயனில்லை. முதல் வரிசையில் முன் சீட் இல்லாததால் முழங்காலுக்கு நல்லது. ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடி தடித்து, சீட்டின் அகலம் குறையும், தூக்கவும் முடியாது. பருமனானவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். நடைவழி ஓரம் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடங்கள்.

ஆனால் இதையெல்லாம் பயணி டேப் வைத்து, ஏறி உட்கார்ந்த பிறகு கண்டுபிடிக்கும் நிலை இருக்கக் கூடாது. நாங்கள் வாங்கிய இரண்டு டிக்கெட்டிலும் கைப்பை எத்தனை கிலோ, பெட்டி எத்தனை கிலோ, எவ்வளவு தாமதமாக ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்றெல்லாம் இருந்தது. உட்காரும் இடத்தின் அளவு எங்கேயும் இல்லை. பஸ்ஸுக்குக் குறைந்தபட்ச அளவு எழுத முடிந்த நாட்டில் விமானத்துக்கும் எழுத முடியும். அதற்கு நாளாகும் என்றால் முதல் படியாக இதைச் செய்யட்டும்: இருக்கையின் அகலம், வரிசை இடைவெளி இரண்டையும் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே அங்குலத்தில் போட்டுத்தான் டிக்கெட் விற்க வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட வேண்டும். அது வரும் வரை, டிக்கெட் போடும் ஒவ்வொருவரும் நிறுவனத்திடம் இந்த இரண்டு அளவுகளையும் கேளுங்கள். முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.